உராய்வு எண்ணைத் தேடி நூலகத்துக்கு

மாணவர்களே, சென்ற ஆண்டு என் பள்ளியில் படிவம் நான்கு மாணவர்கள் இருவர் ஓர் அறிவியல் செயல்திட்டம் செய்தார்கள். பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒரு மரக்கட்டையின் அடியில் ஒட்டினார்கள். கட்டையை வழவழப்பான தரை ஓட்டின் மேல் வைத்து, எடைக்கற்களை ஏற்றி, நியூட்டன் தராசால் கிடைமட்டமாக இழுத்தார்கள். கட்டை சீராக நகரும்போது தராசு காட்டும் விசையைக் கட்டையும் எடைக்கற்களும் சேர்ந்து தரையை அழுத்தும் விசையால் வகுத்தால் கிடைப்பது உராய்வுக் குணகம். மலாய்ப் பாடநூலில் நீங்கள் 'பெக்காலி கெசெரான்' என்று படிப்பது இதைத்தான்.

பள்ளி அளவிலான போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அறிக்கையை என்னிடம் காட்டினார்கள். ஐந்து எடைகளுக்கான அளவீடுகள் அட்டவணையில் இருந்தன. ஐந்துக்கும் உராய்வுக் குணகம் 0.90. தராசைக் கையில் பிடித்து இழுத்துப் பார்த்த எவருக்கும் ஐந்து முறையும் ஒரே எண் வராது. "நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள்" என்றேன். தயங்கித் தயங்கிக் கொண்டு வந்தார்கள். பென்சிலால் எழுதிய எண்களை அழித்துவிட்டு, மேலே பேனாவால் புதிய எண்களை எழுதியிருந்தார்கள். ரப்பரைப் பற்றிய ஆய்வை ரப்பராலேயே அழித்திருந்தார்கள்! தாளைச் சாய்த்துப் பிடித்தால் பழைய எண்கள் தெரிந்தன. மொத்தம் 1 கிலோ இருந்தபோது 1.12. எடை கூடக் கூட எண் இறங்கிக்கொண்டே போய், 4 கிலோவுக்கு 0.86.

"குணகம் மாறாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, டீச்சர்? ஒன்னுக்கு மேல வேற வந்துருச்சு. எங்கயோ தப்பு பண்ணிட்டோம்னு நெனச்சோம்" என்றான் ஒருவன்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. எடை இரட்டிப்பானால் உராய்வு விசையும் இரட்டிப்பாகும், ஆகவே குணகம் மாறாது என்று வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். எந்தப் பொருளுக்கு, எந்த நிலையில் என்று சொல்லவில்லை. ஒன்றுக்கு மேல் வரக்கூடாது என்பது மட்டும் அவர்களாகவே கற்பனை செய்துகொண்ட விதி. இரண்டு விசைகளின் விகிதம் ஒன்றைத் தாண்டக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

எண்களை மாற்றியது தவறு. அதை அவர்களிடம் நேராகவே சொன்னேன். ஆனால் முதலில் எழுதிய எண்கள் சரியா, தவறா? அது எனக்கும் அன்று தெரியாது. இணையத்தில் தேடினோம். ரப்பரின் உராய்வுக் குணகம் என்று ஒரு பக்கம் ஓர் எண்ணையும், இன்னொரு பக்கம் வேறோர் எண்ணையும் தந்தது. யார் அளந்தார்கள், எந்தத் தரையில், எவ்வளவு எடையில், ஈரமா, உலர்வா என்று எதிலும் இல்லை. விலாசம் இல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு வீட்டைத் தேடுவது போலத்தான். அதனால் தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை மூவரும் சிலாங்கூரில் உள்ள ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனோம்.

வெளியார் உள்ளே போக ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒவ்வொரு விதி உண்டு. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். அடையாள அட்டையையும் பள்ளிக் கடிதத்தையும் எடுத்துச் செல்லுங்கள். பெரும்பாலும் புத்தகத்தை வீட்டுக்குத் தரமாட்டார்கள். உட்கார்ந்து படிக்கலாம், குறிப்பு எடுக்கலாம். ஒரு நாள் வேலைக்கு அது போதும்.

உள்ளே போனதும் மாணவர்கள் திகைத்துவிட்டார்கள். நம் பள்ளி நூலகத்தில் தியூவி முறைப்படி எண்களை வைத்துப் புத்தகம் அடுக்குவோம். இயற்பியல் 530, இயந்திரப் பொறியியல் 621, ரப்பர் 678. மலேசியாவின் பெரிய பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வகுத்த முறை இருக்கிறது. அதில் முதலில் ஆங்கில எழுத்துகள் வரும், பிறகு எண். தொழில்நுட்பம் முழுவதும் 'டி' எழுத்தின் கீழ் வருகிறது. இயந்திரப் பொறியியலுக்கு 'டி.ஜே.', வாகனங்களுக்கும் விமானங்களுக்கும் 'டி.எல்.', உற்பத்தித் தொழில்களுக்கு 'டி.எஸ்.', பொதுப் பொறியியலுக்கும் பொருள்களின் வலிமைக்கும் 'டி.ஏ.'. இயற்பியல் மட்டும் தள்ளி, 'க்யூ.சி.'யில் இருக்கிறது.

எங்கள் கேள்வி ஒன்றுதான்: எடை கூடினால் ரப்பரின் உராய்வுக் குணகம் குறையுமா? அந்த ஒரு கேள்விக்கான புத்தகங்கள் நான்கு இடங்களில் சிதறிக் கிடந்தன. உராய்வும் மசகும் 'டி.ஜே. 1075' பக்கத்தில், டயர்கள் 'டி.எல். 270'இல், ரப்பர்த் தொழில் 'டி.எஸ். 1870' முதல், உராய்வின் இயற்பியல் 'க்யூ.சி.'யில். ஓர் அலமாரியைப் பார்த்துவிட்டு "இல்லை" என்று திரும்பிவிடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நூலகக் கணினியில் எந்தச் சொல்லைத் தட்டுவது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. உராய்வு, தேய்மானம், மசகு ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்கும் துறைக்கு இன்று 'ட்ரைபாலஜி' என்று பெயர். இந்தப் பெயர் 1966இல் பிரிட்டனில் வெளியான ஓர் அறிக்கை வழியாகத்தான் பரவியது. பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு அதைத் தயாரித்தது. ஆகவே 1966க்கு முந்தைய கட்டுரைகளின் தலைப்பில் இந்தச் சொல் இருக்காது. அவற்றைப் பிடிக்க 'ஃப்ரிக்‌ஷன்', 'வேர்', 'லூப்ரிகேஷன்' என்ற பழைய சொற்களைத் தட்ட வேண்டும். உள்ளூர்ப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் சில மலாயில் இருப்பதால் 'கெசெரான்' என்றும் தேடினோம். ஒரே பொருளை மூன்று பெயரால் தேடிப் பழகுங்கள்.

முதலில் நாங்கள் எடுத்தது ஒரு தடித்த கையேடு. 'மார்க்ஸ்' கையேடு என்று பொறியாளர்கள் சொல்வார்கள். லயனெல் மார்க்ஸ் என்பவரைத் தொகுப்பாசிரியராகக் கொண்டு 1916இல் முதல் பதிப்பு வந்தது. இன்றும் புதிய பதிப்புகள் வருகின்றன. அதில் உராய்வுக் குணக அட்டவணை இருக்கிறது. கடின எஃகின் மேல் கடின எஃகு, உலர்ந்த நிலையில்: நகரத் தொடங்கும்போது 0.78, வழுக்கும்போது 0.42. மாணவர்கள் உடனே அதைக் குறித்துக்கொண்டார்கள். "அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் குட்டியாக என்ன இருக்கிறது, பாருங்கள்" என்றேன். சிறிய எண்கள், சில இடங்களில் எழுத்துகள். எண், அந்த அளவீடு எந்த ஆய்விலிருந்து வந்தது என்று காட்டுகிறது. எழுத்து, எந்த எண்ணெய் தடவி அளந்தார்கள் என்று சொல்கிறது. ஆமணக்கெண்ணெய், பன்றிக்கொழுப்பு எண்ணெய் எனப் பல. அடிக்குறிப்பைப் படிக்காமல் அட்டவணையை மட்டும் நகலெடுத்தால் உலர்ந்த எஃகும் எண்ணெய் தடவிய எஃகும் ஒன்றாகிவிடும்.

கையேட்டின் வேலை, மற்றவர்கள் அளந்ததைத் தொகுத்துத் தருவது. 'ஏன்' என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. அதற்கு ஒரு விரிவான நூல் வேண்டும். பௌடன், டேபர் இருவரும் எழுதி 1950இல் வெளிவந்த, திடப்பொருள்களின் உராய்வையும் மசகையும் பற்றிய நூல் இத்துறையில் பெயர் பெற்றது. அதன் அடிப்படைக் கருத்து இதுதான். எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் எந்தப் பரப்பிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. இரண்டு உலோகங்களை ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் மேடுகளின் உச்சிகள் மட்டுமே தொடுகின்றன. எடையை ஏற்றினால் அந்த உச்சிகள் நசுங்கி நிரந்தரமாக வடிவம் மாறுகின்றன. எடை இரட்டிப்பானால் உண்மையில் தொடும் பரப்பும் இரட்டிப்பாகிறது. உராய்வு அந்தப் பரப்பைப் பொறுத்தது. ஆகவே விசையும் இரட்டிப்பாகிறது, குணகம் மாறுவதில்லை. அமோன்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1699இல் சொன்ன உராய்வு விதிக்கு இப்படி ஒரு விளக்கம் கிடைக்கிறது.

சரி, ரப்பர்? ரப்பர் நசுங்கி நிரந்தரமாக மாறாது. அழுத்தினால் வளையும், விட்டால் பழையபடி ஆகிவிடும்.

இந்த இடத்தில்தான் நூலகர் எங்களுக்குக் கைகொடுத்தார். அந்தப் புவானிடம் கேள்வியைச் சொன்னதும், "புத்தகத்தில் தேடியது போதும், இனி ஆய்விதழில் தேடுங்கள்" என்று ஒரு கணினியின் முன் உட்கார வைத்தார். வீட்டில் திறந்தால் பணம் கேட்கும் பல ஆய்விதழ்கள், நூலகக் கணினியில் தாமாகத் திறக்கும். பல்கலைக்கழகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கிறது. 'ரப்பர்', 'ஃப்ரிக்‌ஷன்', 'லோட்' என்ற மூன்று சொற்களையும் சேர்த்துத் தட்டினோம். நூற்றுக்கணக்கில் வந்தன. புதியவற்றில் இரண்டைத் திறந்து, கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியலைப் பார்த்தோம். இரண்டிலும் பொதுவாக ஒரு பெயர் இருந்தது: ஷாலமாக். பலரும் மேற்கோள் காட்டும் பழைய கட்டுரை ஒன்று இருந்தால் அதைத் தேடிப் போங்கள். அங்கேதான் கதை தொடங்கியிருக்கும்.

அடால்ஃப் ஷாலமாக் 1952இல் லண்டன் இயற்பியல் கழகத்தின் ஆய்விதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பைப் பார்த்ததும் என் மாணவன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். ரப்பர் உராய்வு எடையைச் சார்ந்திருப்பது பற்றிய கட்டுரை அது. எடை கூடினால் ரப்பரின் உராய்வுக் குணகம் குறைகிறது என்று அதில் இருக்கிறது. அவன் அழித்த எண்களும் அதைத்தான் சொல்லியிருந்தன.

காரணத்தைப் படிவம் நான்கு கணக்கிலேயே புரிந்துகொள்ளலாம். ரப்பரின் மேடு ஒவ்வொன்றையும் ஒரு குட்டிப் பந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மீள்தன்மையுள்ள பந்தைத் தட்டையான தரையில் அழுத்தினால் தொடும் பரப்பு எப்படி வளரும் என்பதை ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1882இலேயே கணக்கிட்டுவிட்டார். (வானொலி அலைகளைக் கண்டவர் என்று நாம் படிக்கும் அதே ஹெர்ட்ஸ்தான்.) எடையை 8 மடங்கு ஆக்கினால் தொடும் பரப்பு 8 மடங்கு ஆகாது, 4 மடங்குதான் ஆகும். உராய்வு விசை பரப்பைப் பொறுத்தது என்பதால் அதுவும் 4 மடங்கு. 4ஐ 8ஆல் வகுத்தால் அரை. ஆக, எடை 8 மடங்கு ஆகும்போது உராய்வுக் குணகம் பாதியாகிறது.

இந்த விதிப்படி எடை 4 மடங்கு ஆனால் குணகம் ஏறக்குறைய 0.63 பங்காகக் குறைய வேண்டும். மாணவர்களின் 1.12 அப்படிப் பார்த்தால் 0.71 ஆகியிருக்க வேண்டும். அவர்களுக்குக் கிடைத்ததோ 0.86. திசை சரி, அளவு பொருந்தவில்லை. "அப்போ மறுபடியும் தப்பா, டீச்சர்?" இல்லை. டியூபின் பரப்பு ஒரே அளவு குட்டிப் பந்துகளால் ஆனதல்ல. பெரிய மேட்டின் மேல் சிறிய மேடுகள், அவற்றின் மேல் இன்னும் சிறியவை இருந்தால், மீள்தன்மையுள்ள பொருளும் பழைய விதியை நோக்கி நெருங்கும் என்று ஆர்ச்சார்ட் 1957இல் காட்டினார். எங்கள் எண்கள் இரண்டுக்கும் இடையில் விழுகின்றன. அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல எங்களிடம் போதிய அளவீடுகள் இல்லை. அறிக்கையில் அப்படியே எழுதச் சொன்னேன்.

ஆர்ச்சார்டின் கட்டுரையைப் பின்னோக்கிப் போய்ப் பிடிக்க முடியாது. 1952இல் எழுதியவர் 1957இல் வரப்போவதை மேற்கோள் காட்ட முடியாதல்லவா? ஒரு கட்டுரைக்குப் பின்னால் யார் யார் அதை எடுத்தாண்டார்கள் என்று முன்னோக்கித் தேடவும் வழி இருக்கிறது. யூஜீன் கார்ஃபீல்ட் என்பவர் 1960களில் இதற்கென்றே தனி அட்டவணை வெளியிடத் தொடங்கினார். இன்று 'கூகுள் ஸ்காலர்' பக்கத்தில் ஒவ்வொரு கட்டுரையின் கீழும் இருக்கும் 'சைட்டட் பை' என்ற சொல்லைத் தட்டினால் போதும். பின்னோக்கி ஒரு தேடல், முன்னோக்கி ஒரு தேடல் என்று மாறி மாறிப் போனால் இரண்டு மணி நேரத்தில் ஒரு துறையின் வரைபடமே கையில் வந்துவிடும்.

முன்னோக்கிப் போன வழியில் ஷாலமாக் 1971இல் எழுதிய இன்னொரு கட்டுரையும் கிடைத்தது. 'வேர்' என்ற ஆய்விதழில் வந்தது. ரப்பர் எப்படி வழுக்குகிறது என்பதுதான் தலைப்பே. வழவழப்பான கடினப் பரப்பில் மென்மையான ரப்பர் உரசும் இடத்தைக் கண்ணாடி போன்ற பொருள் வழியாகப் பார்த்துப் படம் எடுத்திருக்கிறார். ரப்பர் வழுக்கவே இல்லை! தொடும் பகுதியின் முன் ஓரத்தில் ரப்பர் சுருங்கி ஒரு மடிப்பு உண்டாகிறது. அந்த மடிப்பு பின் ஓரம் வரை அலைபோல ஓடுகிறது. மடிப்புக்கு இடையில் உள்ள ரப்பர் பரப்போடு ஒட்டியே நிற்கிறது. பெரிய கம்பளத்தை இழுக்க முடியாதபோது ஒரு பக்கம் மடிப்பை உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போய் நகர்த்துவோமே, அதுபோல. இன்றும் அவற்றை ஷாலமாக் அலைகள் என்றே அழைக்கிறார்கள். அந்தப் படங்களுக்காகவே கட்டுரையைத் திறந்து பாருங்கள்.

கட்டுரையின் முதல் பக்கத்தில் ஆசிரியரின் பெயருக்குக் கீழே அவர் வேலை செய்த இடம் இருக்கும். அதையும் படிக்கச் சொல்வது என் வழக்கம். ஷாலமாக் வேலை செய்தது இங்கிலாந்தில், இயற்கை ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆய்வுக்கூடத்தில். 1938இல் தொடங்கிய அந்த ஆய்வுக்கூடம் மலாயா ரப்பர்த் துறையின் பணத்தில் வளர்ந்தது. இன்று அது ஹார்ட்ஃபர்ட் நகருக்கு அருகே துன் அப்துல் ரசாக் ஆய்வு மையம் என்ற பெயரில், மலேசிய ரப்பர் வாரியத்தின் கீழ் இயங்குகிறது. இதைச் சொன்னதும் இதுவரை அதிகம் பேசாமல் இருந்த மாணவி, "எங்க பாட்டி பால்மரம் வெட்டினவங்க, டீச்சர்" என்றாள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவியவர்களின் உழைப்பும் அந்த ஆய்வுக்கூடத்தின் பணத்தில் இருக்கிறது. பாட்டியிடம் போய்ச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

புத்தகமும் ஆய்விதழும் போக, இயந்திரப் பொறியியலுக்கே உரிய இரண்டு வகை ஆவணங்கள் உண்டு. ஒன்று தரநிலை. உங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் இருந்தால் தலைக்கவசத்தைத் திருப்பிப் பாருங்கள். 'சிரிம்' ஒட்டுவில்லையோடு 'எம்.எஸ். 1' என்று இருக்கும். தலைக்கவசத்துக்கான மலேசியத் தரநிலை அது. எப்படி மோதச் செய்து சோதிக்க வேண்டும், எது தேறும், எது தேறாது என்று அந்த ஆவணம் வரையறுக்கிறது. தரநிலைகளைப் பொதுவாக விலைகொடுத்து வாங்க வேண்டும். ஆகவே நூலகத்தில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று காப்புரிமை. இதை இணையத்தில் இலவசமாகவே தேடலாம். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், 1888இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். சைக்கிள் பந்தயக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டே ஆண்டுகளில் அந்தக் காப்புரிமை செல்லாது என்று ஆகிவிட்டது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845லேயே அதே கருத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். 43 ஆண்டுகளாக அது ஆவணங்களுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. டன்லப்புக்குக் கணினி கிடையாது. நமக்கு இருக்கிறது.

நூலகத்துக்குப் போக முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். மலேசிய புத்ரா பல்கலைக்கழகம், அறிவியல் பல்கலைக்கழகம், தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவை தம் ஆய்வேடுகள் பலவற்றை இணையக் களஞ்சியத்தில் வைத்திருக்கின்றன. ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தைப் படியுங்கள். அத்துறையில் அதுவரை நடந்த வேலைகளையெல்லாம் அந்த மாணவர் அங்கே தொகுத்து வைத்திருப்பார். பள்ளி மாணவருக்கு ஆய்வுக் கட்டுரையைவிட அது எளிதாகப் புரியும். ஆய்வுக் கட்டுரையைப் படித்தே ஆகவேண்டும் என்றால் வரிசையாகப் படிக்காதீர்கள். முதலில் சுருக்கம், அடுத்து படங்களும் வரைபடங்களும், பிறகு முடிவுரை. நடுவில் வரும் கணிதம் புரியாவிட்டால் அதைக் கடந்து போங்கள். எனக்கும் பாதி புரியவில்லை.

மாணவர்கள் அறிக்கையைத் திருத்தி எழுதினார்கள். 0.90 போய், அழித்த ஐந்து எண்களும் திரும்பி வந்தன. எண்களை முதலில் மாற்றியதையும் ஒரு பத்தியில் ஒப்புக்கொண்டார்கள். அதை எழுதத்தான் அவர்களுக்கு அதிக நேரம் பிடித்தது. பரிசு கிடைக்கவில்லை. "உங்கள் எண் பாடநூலோடு ஏன் பொருந்தவில்லை?" என்று நடுவர் கேட்டதற்கு ஷாலமாக்கின் வரைபடத்தைக் காட்டினார்கள். நடுவர் அதைத் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

இந்த வாரச் செய்முறை: பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைக் கட்டையின் அடியில் ஒட்டி, அரை கிலோ, 1 கிலோ, 2 கிலோ, 4 கிலோ என நான்கு எடைகளில் இழுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றையும் ஐந்து முறை செய்து, எல்லா எண்களையும் பேனாவால் எழுதுங்கள். பிறகு அதே கட்டையின் அடியில் ரப்பருக்குப் பதிலாக ஓர் உலோகத் தகட்டை ஒட்டி மறுபடியும் செய்யுங்கள். இரண்டு வரைபடங்களையும் ஒரே தாளில் போட்டு உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.